உடைந்த எழுத்துகள்: அடையாற்று வீட்டுக் கணினி ஒன்றை முன்வைத்து

அடையாறு இந்திரா நகரில் இருந்த எங்கள் வீட்டுக்கு 2002 ஆம் ஆண்டு ஒரு கணினி வந்தது. முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்த எனக்காக வாங்கப்பட்டது அது. ஆனால் அதன் முன்னால் அதிக நேரம் அமர்ந்திருந்தவர் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியரான என் தந்தையார்தான். தாம் பாடம் கேட்ட ஆசிரியர்களைப் பற்றிக் கோடு போட்ட குறிப்பேடுகளில் பல்லாண்டுகளாக எழுதி வைத்திருந்தவற்றை, தட்டச்சுப் பயிற்சி பெற்ற தம் பழைய விரல்களால் ஒவ்வொரு பக்கமாகக் கணினியில் ஏற்றினார். இரண்டு ஆண்டுகள் பிடித்தன. ஏறத்தாழ நூற்று நாற்பது பக்கங்கள். முடித்த அன்று, "கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது, இனி இது எதற்கு?" என்று குறிப்பேடுகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார். நானும் தடுக்கவில்லை.

தந்தையார் 2009 இல் காலமானார். 2020 ஊரடங்கின்போது, அவர் கையெழுத்தில் 'பாடம் கேட்ட நாட்கள்' என்று பெயரெழுதிய குறுந்தகட்டைத் தேடி எடுத்துப் புதிய கணினியில் திறந்தேன். ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. தலையில் கோடும் புள்ளியும் சுமந்த ரோமன் எழுத்துகள், பிரிட்டன் நாணயக் குறிகள், பின்னக் குறிகள். இடையிடையே 2003, 2004 என்ற எண்கள் மட்டும் தெளிவாக இருந்தன. பழுது பார்க்க வந்த இளைஞர், "இது கிராபிக்ஸ் கோளாறு சார், டிரைவரை மாற்றினால் சரியாகிவிடும்" என்றார். மாற்றினார். சரியாகவில்லை.

கோளாறு எங்கே இருந்தது என்று தேடப் புகுந்தபோது, தமிழ் எழுத்து கணினித் திரைக்கு வந்துசேர்ந்த முப்பது நாற்பது ஆண்டு வரலாற்றையே படிக்க நேர்ந்தது. திரையில் எழுத்து உடையும்போது நாம் எல்லாவற்றையும் ஒரே நோயாக எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அவை வெவ்வேறு நோய்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில், யாரோ சிலர் அன்றைய தேவைக்கு எடுத்த முடிவினால் விளைந்தது. எடுத்துக்காட்டாக 'அடையாறு' என்ற நான்கெழுத்துச் சொல்லையே வைத்துக்கொள்வோம். அந்தச் சொல் கணினிக்குள் பட்ட பாட்டைப் பார்த்தாலே போதும்.

திரை

ஐபிஎம் நிறுவனத்தின் தனிக்கணினி 1981 இல் வெளிவந்தது. டாஸ் காலத்துத் திரை வரிக்கு எண்பது எழுத்து, இருபத்தைந்து வரி என்று கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 1987 இல் வந்த விஜிஏ திரையில்கூட ஓர் எழுத்துக்குரிய கட்டம் ஒன்பது புள்ளி அகலம், பதினாறு புள்ளி உயரம்தான். ரோமன் எழுத்துகள் அதற்குள் அடங்கிவிடும். நம்முடைய ணகரமும் ஔகாரமும் அடங்குமா? 'டை' என்ற ஓர் எழுத்தே ஐகாரக் கொம்பும் டகரமுமாக இரண்டு கட்டங்களைக் கேட்கிறது.

ஆகவே தமிழை முதலில் கணினிக்குக் கொண்டுவந்தவர்கள் எழுத்தை எழுத்தாக அல்ல, படமாக வரைய வேண்டியிருந்தது. கனடாவில் வாழ்ந்த முனைவர் கே. சீனிவாசன் 1984 இல் 'ஆதமி' என்ற தமிழ்ச் சொற்செயலியை உருவாக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985 இல் 'முரசு' செயலியைத் தொடங்கினார். இந்தியாவில் கான்பூர் ஐஐடியில் பிறந்து, பின்னர் புணேயின் சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த 'ஜிஸ்ட்' தொழில்நுட்பம் வேறொரு வழியில் சென்றது. கணினிக்குள் தனியே ஓர் அட்டையைச் செருகிவிட்டால், இந்திய எழுத்துகளைத் திரையில் காட்டும் வேலையை அந்த அட்டையே பார்த்துக்கொள்ளும். இந்திய மொழிகளைக் காட்டுவது என்பது அன்று உண்மையிலேயே ஒரு வரைகலைச் சிக்கலாகத்தான் இருந்தது.

1992 இல் வெளிவந்த விண்டோஸ் 3.1 உடன் ட்ரூடைப் எழுத்துருக்கள் வந்தன. எழுத்து என்பது புள்ளிக்கூட்டமாக இருந்தது போய், வேண்டிய அளவுக்குப் பெருக்கவும் சுருக்கவும் கூடிய வளைகோடுகளாக மாறியது. எனினும் அந்த வளைவுகளைத் திரை தன்னிடமுள்ள புள்ளிகளால்தானே நிரப்ப வேண்டும்? எண்ணூறுக்கு அறுநூறு புள்ளிகள் கொண்ட திரையில் சிறிய அளவுத் தமிழைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மெய்யெழுத்தின் புள்ளி மறைந்துவிடும். 2001 இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் எழுத்தின் விளிம்பை மென்மையாக்கும் 'கிளியர்டைப்' வசதி இருந்தது. ஆனால் அதை நாம்தான் தேடிச் சென்று இயக்க வேண்டும். விஸ்டாவில்தான் அது தானாகவே இயங்கத் தொடங்கியது.

இங்கே ஓர் எளிய சோதனையைச் சொல்லிவிடுகிறேன். திரையில் கோடுகள் ஓடினால், நிறங்கள் மாறினால், படங்களும் ஆங்கிலமும் சேர்ந்து குலைந்தால், பழுது வரைகலை அட்டையிலோ அதன் டிரைவரிலோ திரையிலோ இருக்கலாம். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்து தமிழ் மட்டும் உடைந்தால் அந்த இடங்களைத் தொடவே வேண்டாம். பழுது வேறிடத்தில் இருக்கிறது. வந்த இளைஞருக்கும் எனக்கும் அன்று இந்த வேறுபாடு தெரியவில்லை.

எழுத்துரு

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒரு பைட்டில் அடங்கும் 256 எண்களில் முதல் பாதி ஆங்கிலத்துக்கும் கட்டளைக் குறிகளுக்கும் போய்விடுகிறது. எஞ்சிய பாதி ஐரோப்பிய மொழிகளின் குறியிட்ட எழுத்துகளுக்கு. தமிழுக்கு இடமே இல்லை. நம்மவர்கள் கண்ட வழி எளிமையானது: ரோமன் எழுத்து இருக்கும் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்து ஓர் எழுத்துருவைச் செய்துவிடுவது. கணினி தான் ரோமன் எழுத்தைக் காட்டுவதாக நினைத்துக்கொண்டிருக்கும். நம் கண்ணுக்குத் தமிழ் தெரியும்.

சுவிட்சர்லாந்தின் லோசானில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் இந்த முறையில் உருவாக்கி இலவசமாக வழங்கிய எழுத்துருவின் பெயர் 'மயிலை'. அவர் முன்னின்று 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை இவ்விதழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 247 எழுத்துகளையும் தனித்தனியே வைக்க இடமில்லாததால், கால், கொம்பு, புள்ளி ஆகியவற்றைத் துண்டுகளாக வைத்தார்கள். அச்சுக் கோப்பவர் ஈய எழுத்துகளைக் கோத்ததும், யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா வடிவமைத்த தமிழ்த் தட்டச்சுப் பொறி எழுத்துகளைப் பதித்ததும் இவ்வாறுதான். கண்ணுக்கு எது இடப்பக்கம் தெரிகிறதோ அது முதலில் வரும். இந்தக் கணக்கில் 'அடையாறு' ஆறு துண்டுகள்: அகரம், ஐகாரக் கொம்பு, டகரம், யகரம், கால், 'று'.

சிக்கல் என்னவென்றால், எந்த எண்ணில் எந்தத் துண்டு என்பதை ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி முடிவு செய்தார்கள். நாளிதழுக்கு ஒன்று, வார இதழுக்கு ஒன்று, மென்பொருள் விற்பவருக்கு ஒன்று. ஒரு வீட்டில் நான்கு தமிழ்த் தளங்களைப் படிக்க நான்கு எழுத்துருக்களை நிறுவ வேண்டும். எழுத்துரு இல்லையேல் அடியில் இருக்கும் ரோமன் எழுத்து வெளியே வந்து பல்லைக் காட்டும்.

இதற்கொரு முடிவு காணவே 1997 இல் நா. கோவிந்தசாமி முன்னின்று சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாட்டை நடத்தினார். மின்னஞ்சல் வழியே கூடி விவாதித்த ஆர்வலர்கள் 'திஸ்கி' என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு 'டாப்', 'டாம்' என்ற இரண்டு குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. ஒன்றே வேண்டும் என்று கூடிய இடத்தில் மூன்று பிறந்தன.

அந்தக் காலத்துச் சிறு வினோதம் ஒன்று. 173 என்ற எண்ணை உலகத் தரம், வரி இறுதியில் சொல்லை உடைக்கும்போது மட்டும் தோன்றும் 'மறை சிறுகோட்டுக்கு' ஒதுக்கியிருந்தது. திஸ்கியில் அந்த இடத்தில் அமர்ந்தது இகரம். விளைவு: சில உலாவிகளில் பக்கம் முழுவதும் ஒழுங்காகத் தெரியும், இகரம் மட்டும் காணாமல் போகும். 'இலக்கியம்' என்று எழுதினால் 'லக்கியம்' என்று வரும். பின்னர் இகரத்துக்கு 254 ஆம் எண்ணிலும் ஓர் இடம் கொடுத்தார்கள்.

ஒருங்குறி

உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண் தரும் யுனிகோட் 1991 இலேயே வெளிவந்துவிட்டது. அதில் தமிழுக்கும் 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அந்த அமைப்பு இந்திய அரசின் 'இஸ்கி' குறியீட்டைப் பின்பற்றியது. தேவநாகரியில் எந்த எழுத்து எங்கே உள்ளதோ அதற்கு நேராகத் தமிழ் எழுத்தை வைத்து, தமிழில் இல்லாத எழுத்துகளின் இடங்களை வெற்றிடமாக விட்டார்கள். உயிர்மெய்களுக்குத் தனி எண் இல்லை. மெய்யையும் உயிர்க்குறியையும் அடுத்தடுத்து வைக்க வேண்டும். இது தமிழுக்கு நியாயம்தானா என்ற விவாதம் பல ஆண்டுகள் நீடித்தது. எழுத்துக்கொரு எண் தரும் 'டேஸ்-16' முறை அதன் விளைவு. 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசு யுனிகோடையும் டேஸ்-16 ஐயும் தரமாக அறிவித்தது.

நம் கதைக்கு முக்கியமானது வேறொன்று. யுனிகோடில் எழுத்து வரிசை கண்ணின் வரிசை அன்று, ஒலியின் வரிசை. 'டை' என்பதில் டகரம் முதலில், ஐகாரக் குறி அடுத்து. இந்தக் கணக்கில் 'அடையாறு' ஏழு எண்கள். பின்னால் இருக்கும் கொம்பை முன்னால் கொண்டுவந்து வரைய இயங்குதளத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். விண்டோஸில் இந்த வேலையைச் செய்தது 'யுனிஸ்கிரைப்' என்ற பகுதி. விண்டோஸ் 2000 தான் 'லதா' என்ற எழுத்துருவோடு தமிழுக்கு முறையான ஆதரவைக் கொண்டுவந்தது. அடுத்து வந்த எக்ஸ்பியிலோ அந்த வசதி பெட்டிக்குள் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. மொழி அமைப்புக்குள் சென்று, சிக்கலான எழுத்து வடிவங்களுக்கான கோப்புகளை நிறுவும் கட்டத்தில் 'டிக்' செய்ய வேண்டும். உடனே அது நிறுவல் குறுந்தகட்டைக் கேட்கும். குறுந்தகடு எந்த வீட்டில் இருந்தது? கொம்பு இடம் மாறி, புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தைச் சுமந்துகொண்டு நின்ற தமிழை அன்று எத்தனையோ வீடுகளில் அப்படியே படித்துப் பழகிக்கொண்டார்கள். விஸ்டாவிலிருந்து அந்தத் தொல்லை நீங்கியது.

இன்னொரு நோயும் உண்டு. வலைப்பக்கங்களில் யுனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் எண்ணும் மூன்று பைட்டுகளாகிறது. 'அடையாறு' இருபத்தொரு பைட்டு. மென்பொருள் அதைப் பழைய ஐரோப்பியக் குறியீடு என்று தவறாக எடுத்துக்கொண்டால், தலையில் சாய்கோடு போட்ட ரோமன் 'ஏ' எழுத்தும், அதையடுத்துப் பெரும்பாலும் வட்டத்துக்குள் அடைபட்ட 'ஆர்' எழுத்துமாகத் திரும்பத் திரும்ப வரும். தமிழ் எழுத்துகளின் முதல் பைட்டு எல்லாவற்றுக்கும் ஒன்றே என்பதுதான் காரணம். இந்தக் குப்பையைக் கண்டால் அஞ்ச வேண்டாம். உள்ளே தமிழ் பழுதில்லாமல் இருக்கிறது, குறியேற்றத்தை மாற்றிப் படிக்கச் சொன்னால் போதும்.

இந்த இடைக்காலத்தைக் கடக்க உதவியவர்கள் பெரும்பாலும் ஊதியம் பெறாத தனி மனிதர்கள். எ-கலப்பை தந்த முகுந்தராஜ், பழைய குறியீடுகளை யுனிகோடாக மாற்றும் 'பொங்குதமிழ்' செயலி தந்த சுரதா யாழ்வாணன், தேனீ எழுத்துருவை ஆக்கி அளித்து 2006 இல் மறைந்த அதிராம்பட்டினம் உமர் தம்பி ஆகியோரை மறக்கலாகாது.

ஏடு

இத்தனையும் அறிந்தபின் எனக்குத் தோன்றியது, இது கணினிக்கு மட்டும் உரிய கதையன்று என்பதே. எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில், பெசன்ட் நகரில், 1943 இல் நிறுவப்பட்ட உ.வே. சாமிநாதையர் நூல் நிலையம் இருக்கிறது. சற்று அப்பால் பிரம்மஞான சபை வளாகத்தில் 1886 இல் ஆல்காட் தொடங்கிய அடையாறு நூலகம். இரண்டிலும் ஓலைச்சுவடிகள் பாதுகாக்கப்படுகின்றன. சுவடி படிக்கப் பழகுபவருக்கு முதலில் சொல்லித் தரப்படுவது என்ன? ஏட்டில் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களுக்கு ஒரே கொம்பு. ரகரமும் காலும் ஒரே வடிவம். ஆகவே ஓர் இடத்தில் இருப்பது 'வாம்' என்பதா 'வரம்' என்பதா என்பதைப் பதிப்பாசிரியர்தாம் பொருளறிந்து முடிவு செய்ய வேண்டும். கொம்பைச் சுழித்து ஏகாரத்தை வேறுபடுத்திய சீர்திருத்தத்தை வீரமாமுனிவர் பெயரால் வழங்குகிறோம். 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தவர் ஏட்டில் கண்ட சிக்கலும், நான் திரையில் கண்ட சிக்கலும் ஒரே வகையைச் சேர்ந்தவை. பாடம் இருக்கிறது, வடிவம் அதை மறைக்கிறது.

கோப்பு

தந்தையார் பயன்படுத்திய எழுத்துருவை விற்ற சிறு நிறுவனம் எப்போதோ மூடப்பட்டிருந்தது. இணையத்தில் கிடைக்கும் மாற்றிகள் எதிலும் அதன் பெயர் இல்லை. பழைய கணினியைக் கழித்தபோது எழுத்துருக் கோப்பும் போய்விட்டது. எஞ்சியது ஒரே வழி: சுவடி படிப்பது போலப் படிப்பது.

ஒவ்வொரு கட்டுரையின் இறுதியிலும் ஊரும் தேதியும் எழுதுவது அவர் வழக்கம். எண்கள் கெடாமல் இருந்ததால் அந்த வரிகளைக் கண்டுபிடிப்பது எளிதாயிற்று. தேதிக்கு முன்னால் எல்லா இடங்களிலும் ஒரே ஆறு குறிகள் ஒரே வரிசையில் இருந்தன. அகரம், ஐகாரக் கொம்பு, டகரம், யகரம், கால், 'று'. அடையாறு. எதையும் அவர் பிள்ளையார் சுழி இல்லாமல் தொடங்கமாட்டார். ஆகவே முதல் வரியில் தனியே நின்ற குறி உகரம். குறுந்தகட்டின் மேல் எழுதியிருந்த தலைப்பும் உதவியது. 'பாடம்' என்ற சொல்லில் காலும் டகரமும் ஏற்கெனவே தெரிந்தவை, பகரமும் மகரமும் புள்ளியும் புதிதாகக் கிடைத்தன. 'கேட்ட' என்பதில் ககரமும் ஏகாரக் கொம்பும். 'நாட்கள்' என்பதில் நகரமும் ளகரமும். ஒவ்வொரு சொல்லும் அடுத்த சொல்லுக்குச் சாவி தந்தது. மூன்று வாரங்களில் அட்டவணை நிறைந்தது.

அட்டவணைப்படி மாற்றியபோது வந்த தமிழைக் கண்டு திகைத்தேன். 'ரி' வரவேண்டிய எல்லா இடங்களிலும் காலின் மேல் இகரக் குறி இருந்தது. 'ர்' இருக்க வேண்டிய இடத்தில் காலின் மேல் புள்ளி. அந்த எழுத்துருவில் இரண்டும் ஒரே துண்டு. ஏட்டுச் சுவடியின் ரகரமும் காலும் இருபதாண்டுகளுக்கு முந்தைய கணினிக் கோப்பில் மறுபடியும் ஒன்றாகியிருந்தன. கால் ஒருபோதும் இகரக் குறியோ புள்ளியோ ஏற்காது என்பதால் இவற்றை ஒரே விதியால் திருத்த முடிந்தது. தனி ரகரத்துக்குக் காலையே தட்டியிருந்த சில இடங்களை மட்டும் பொருள் பார்த்துத் திருத்தினேன். இதைப் போலவே ஔகாரத்தின் பின்பகுதியும் ளகரமும் அதில் ஒன்று. விதியை நம்பி மாற்றினால் 'மௌனம்' சரியாக வந்தது, ஆனால் 'தெளிவு' 'தௌிவு' ஆயிற்று. இந்தப் பிழையை மாற்றியின் வழி வந்த எத்தனையோ மின்னூல்களில் இன்றும் காணலாம்.

நூற்று நாற்பது பக்கங்களும் கிடைத்தன. அதில் ஒரு கட்டுரை, தந்தையாரின் ஆசிரியர் அவருக்குச் சுவடி படிக்கச் சொல்லிக்கொடுத்த நாளைப் பற்றியது. ரகரத்தையும் காலையும் குழப்பிக்கொண்டு அவர் வாங்கிய திட்டை விரிவாக எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தில்தான் திருத்த வேண்டிய கால்கள் அதிகம் இருந்தன.

நண்பர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். திரையில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள், நிறுவினால் வந்துவிடும். ரோமன் குப்பையாகத் தெரிந்தால் குறியேற்றம் மாறியிருக்கிறது, முயன்றால் மீட்கலாம். கொம்பு இடம் மாறினால் மென்பொருளுக்குத் தமிழைக் கோக்கத் தெரியவில்லை, பாடத்துக்குச் சேதமில்லை. ஆனால் எழுத்துக்கு எழுத்து கேள்விக்குறியாகத் தெரியும் கோப்பை மட்டும் உடனே சேமித்துவிடாதீர்கள். தமிழுக்கு இடமில்லாத குறியேற்றத்தில் சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ் எழுத்தின் இடத்திலும் கேள்விக்குறியே எழுதப்பட்டுவிடுகிறது. அதற்குப்பின் எந்த உ.வே.சா. வந்தாலும் மீட்க முடியாது.

வீட்டில் பெரியவர்கள் 2000 ஐ ஒட்டிய ஆண்டுகளில் தட்டச்சு செய்து வைத்த தமிழ்க் கோப்புகள் இருக்குமானால், அவை இன்று திறக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். எழுத்துருக் கோப்பு கிடைத்தால் அதையும் உடன் எடுத்து வையுங்கள், பின்னர் யுனிகோடுக்கு மாற்றுங்கள். தந்தையாரின் நூலை நான் யுனிகோடில் மாற்றி, இரண்டு இடங்களில் சேமித்து, ஒரு படி அச்சிட்டும் வைத்திருக்கிறேன். இம்முறை காகிதத்தை எடைக்குப் போடுவதாக இல்லை.